பத்தாம் இலக்க ஜேர்சி

ஆக்லாந்துக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. அக்கா மழையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். சமைத்துப் போட ஆள் இல்லை என்று போனேன். கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள் நான். கலியாணம் கட்டவில்லை. ஆகவே எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்த நாட்டில் கால் முறிந்தாலும் பெட்டி கட்டுவது நானாகத்தான் இருக்கும். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்த நாட்களில் இலங்கைத் தமிழர் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் திரும்பி வரமாட்டார் என்று அர்த்தம். நான் திரும்பி வருவேன் என்று சொன்னபோது விசா அதிகாரி என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முத்திரையைக் குத்தித் தந்தார்.

விமான நிலையத்தில் என் பெட்டியைக் கிளறிய பெண் மிகவும் மரியாதையானவள். கறிவேப்பிலையை எடுத்தாள், மன்னிப்புக் கேட்டாள். மோர் மிளகாயை எடுத்தாள், மன்னிப்புக் கேட்டாள். ஒடியலைக் கையில் வைத்துக்கொண்டு இது என்ன மரக்கட்டையா என்று கேட்டாள். பனங்கிழங்கை வெயிலில் காயவைத்தால் அப்படி ஆகும் என்று விளக்கினேன். நன்றி சொல்லிவிட்டு அதையும் குப்பையில் போட்டாள். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் கொள்ளையடித்ததில்லை.

அத்தான் வெளியே நின்றார். முட்டிவரை கறுப்பு ரப்பர் சப்பாத்து, தலையில் கம்பளித் தொப்பி. மெலிந்திருந்தார். அவருடைய பழைய வான் வண்டிக்குள் சவர்க்காரத் தூளும் ஈரப்புல்லும் கலந்த வாசனை அடித்தது.

"என்ன அத்தான், வானுக்குள்ள புல்லு வளர்க்கிறியளோ?"

"ஓம் பிள்ளை. மாடு மட்டும்தான் இன்னும் வாங்கேல்லை" என்றார்.

அத்தான் ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். இங்கே பகலில் த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் ஒரு கடையில் பெட்டி தூக்கி அடுக்கினார். பின்னேரங்களில் வீட்டுக் கராஜுக்குள் இரண்டு பழைய சலவை மெஷின்களை வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டுக் கழகத்தின் உடுப்புகளைத் தோய்த்தார். எங்கள் ஊரில் அடுத்தவன் உடுப்பைத் தோய்ப்பது யாருடைய வேலை என்று வைத்திருந்தார்கள் என்பதை எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் அம்மாவிடம், அத்தான் ஒரு துணிக் கம்பனியில் பொறுப்பான பதவியில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தோம்.

"பொய் இல்லைத்தானே" என்றார் அத்தான். "துணி இருக்கு. கம்பனி நான்தான். பொறுப்பும் என்ரதான்."

அக்கா சோபாவில் காலை நீட்டிக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் கால் நொந்து அழுதாள். வீட்டுக்குள் வெளியைவிடக் குளிராக இருந்தது. இந்த நாட்டுக்காரர் வீடுகளைப் பலகையால் கட்டிவிட்டு, குளிர்காலம் வந்ததும் ஒவ்வொரு வருடமும் புதிதாக ஆச்சரியப்படுகிறார்கள்.

கழகம் ரக்பி ஆடுகிறதா என்று கேட்டுவிட்டேன். அத்தானுக்கு முகம் சுருங்கியது.

"ரக்பி வேற, லீக் வேற. லீக் எண்டு சொல்லிப் பழகு. ஒரு பக்கத்துக்குப் பதின்மூண்டு பேர். பந்தோட ஆறு தரம் பிடிபடலாம், அதுக்குப் பிறகு மற்றவனிட்டைக் குடுக்கவேணும். ரக்பி பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளையளின்ர விளையாட்டு. லீக் வேலைக்குப் போறவங்களின்ர."

அந்தக் கடைசி வசனம்தான் எனக்கு விளங்கியது. நகரத்தின் ஒரு பக்கத்து மக்களுக்கான கழகம் அது. நாட்டின் மற்றப் பகுதிகளின் கழகங்களோடு மோதும். ஆடுகிறவர்களுக்குக் கொஞ்சம் காசு கிடைக்கும், சீவிக்கப் போதாது. ஆகவே பகலில் கூரை போடுவார்கள், பஸ் ஓட்டுவார்கள், இறைச்சித் தொழிற்சாலையில் நிற்பார்கள். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் பயிற்சி. ஞாயிறு ஆட்டம். திங்கள் விடிய மறுபடி வேலை. இப்போது நகரத்துக்கு முழுநேரச் சம்பளத்தில் ஒரு பெரிய அணி வந்துவிட்டது. அவர்களைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். சனம் அங்கே போய்விட்டது. இந்த வருடத்தோடு போட்டியை நிறுத்துகிறார்கள், போட்டியோடு கழகமும் போய்விடும். இனி ஒரு ஆட்டம் இங்கே, ஒரு ஆட்டம் வெளியூரில், அவ்வளவுதான்.

"அதுக்குப் பிறகு கம்பனி?" என்று கேட்டேன்.

"மாடு வாங்கவேண்டியதுதான்."

வெள்ளிக்கிழமை சான்ட்ரிங்ஹாமுக்குப் போய்ப் பருப்பும் தேங்காயும் வாங்கினேன். கடைக்காரர் குஜராத்திக்காரர். நான் கேட்ட சாமான்களை வைத்தே இலங்கை என்று கண்டுபிடித்தார். அத்தோடு திரும்பியிருக்கலாம். கடலைப் பார்க்கும் ஆசையில் நகரத்துக்கு பஸ் எடுத்தேன். கடல் நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது வேறு பஸ்ஸில் ஏறிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு பாலத்தைக் கடந்தோம். பிறகு இன்னொன்றைக் கடந்தோம். வீடுகள் பெருத்து, புல்வெளிகள் அகன்று, பஸ்ஸில் நான் மட்டும் மிஞ்சினேன். இறங்கச் சொன்ன இடம் பக்குரங்கா.

சாரதி இந்த நாட்டுப் பூர்வகுடியான மாஓரிக்காரர். ஒரு கண் வீங்கிக் கறுத்திருந்தது, இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிளாஸ்டர் சுற்றியிருந்தார். கொழும்பில் இப்படி ஒரு சாரதியைக் கண்டால் நான் ஓடும் பஸ்ஸிலிருந்தே குதித்திருப்பேன். விலாசத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இது குணாவின் வீடு" என்றார். அவர் பேசியது ஆங்கிலம், நான் என் தமிழில் எழுதுகிறேன். "என் சட்டையைத் தோய்க்கிறவர் அவர்தான். நான் ரங்கி. அணித் தலைவர். இருங்கள், இதே பஸ்ஸில் திரும்பக் கொண்டுபோய் விடுகிறேன்."

இடைவேளையில் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி ஒன்றைப் பாதியாகப் பிட்டு நீட்டினார். வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் தின்னமாட்டேன் என்றேன். தன் வீட்டிலும் பெரியம்மா ஒருத்தி அப்படித்தான், கத்தோலிக்கர் என்று சொல்லிவிட்டு, கடைக்கு ஓடிப்போய் எனக்கு உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி வந்தார். சுடச்சுட இருந்தது. கடல் பார்த்ததைவிட அதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

சனிக்கிழமை சியோனே வந்தான். தோய்த்து மடித்த உடுப்புப் பையை எடுத்துப்போவது அவனுடைய பொறுப்பு. டொங்காத் தீவுக்காரன், பத்தாம் இலக்கம். முன்வரிசையில் நின்று, எதிரிகள் கூட்டமாக நிற்கும் இடம் பார்த்துப் பந்தோடு ஓடி மோதுவது அவன் வேலை. கராஜ் கதவால் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே வரமுடிந்தது. தாய் கொடுத்துவிட்டதாகச் சொல்லி ஒரு சாக்குக் கிழங்கை இறக்கி வைத்தான். நான் சுட்ட உழுந்து வடையைக் கொடுத்தேன். வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டான். தட்டு வெறுமையாகும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

கராஜ் மூலையில் மழை ஒழுகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவன் வெளியே போனான். சற்று நேரத்தில் எங்கள் தலைக்கு மேலே தகரம் சத்தம் போட்டது. கூரை வேலைதான் அவனுடைய பிழைப்பு. அந்தப் பெரிய உடம்போடு ஈரத் தகரத்தில் எங்கள் குசினிக்குள் நடப்பதுபோல நடந்தான். இறங்கி வந்து கையைத் துடைத்துவிட்டு, இன்னும் வடை இருக்கிறதா என்று கேட்டான்.

"நாளைக்கு அம்மா பார்க்க வருவாவா?" என்று கேட்டேன்.

"வரமாட்டா" என்றான். "நான் விளையாடி ஒருநாளும் அவ பார்த்ததில்லை. நான் விழுந்தால் தாங்கமாட்டா. ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு முழந்தாளிடுவா. முடிந்து நான் போன் பண்ணும்வரை எழும்பமாட்டா. அதனால் ஆட்டம் முடிந்ததும் குளிக்கமுதல் போன்தான்."

"அம்மாவே உன்ர உடுப்பைத் தோய்க்கலாமே?"

"மற்றதெல்லாம் அவதான். இந்தச் சட்டை மட்டும் கழகத்துடையது, நேரே குணாவிடம் வந்துவிடும். அடுத்த கிழமை கடைசி ஆட்டத்துக்குப் பிறகு அவரவர் சட்டை அவரவருக்காம். அப்போதுதான் அவ முதல்முறையாக இதைப் பார்ப்பா."

ஞாயிறு மழை விடவில்லை. மைதானத்தில் ஒரு மரக் கொட்டகை, தேநீர்க் கொதிகலன், பாணுக்குள் சோசேஜ் வைத்து விற்கும் இரண்டு பெண்கள். சனம் குறைவு. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் ஆடுகிறவர்களின் சொந்தக்காரர். எனக்குப் பக்கத்தில் குடைக்குக் கீழே நின்ற வயதான மனிதர், "முப்பது வருடமாக இதே இடத்தில் நிற்கிறேன். அடுத்த வருடம் ஞாயிற்றுக்கிழமையில் நான் எங்கே போவது?" என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மா தெர்மோசைத் திறந்தார்.

எனக்கு விளையாட்டு பாதிதான் விளங்கியது. பத்தாம் இலக்கம் மட்டும் விளங்கியது. பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடுவான், மூன்று பேர் பிடித்து விழுத்துவார்கள், எழும்புவான். திரும்பவும் ஓடுவான். அத்தான் பந்தைப் பார்க்கவில்லை. "உந்தச் சேறு போகாது. வடக்கு மூலைச் சேறு பொல்லாதது" என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றார். இரண்டாம் பாதியில் சியோனே விழுந்தவன் எழும்பப் பிந்தினான். இடது கை தொங்கியது. ஒருவர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்துத் தோளைத் தடவிவிட்டார். சியோனே தலையை ஆட்டிவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றான். எங்கள் அணி தோற்றது.

உடை மாற்றும் அறை வாசலில் அத்தான் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொருவராகச் சட்டையைக் கழற்றிப் போட்டார்கள். சியோனேயால் இடது கையை உயர்த்த முடியவில்லை. அத்தான் பையை என்னிடம் தந்துவிட்டு அங்கே கிடந்த மர வாங்கின் மேல் ஏறி நின்றார். குழந்தைக்குக் கழற்றுவதுபோல, முதலில் நல்ல கை, பிறகு தலை, கடைசியாக நொந்த கை என்று மெதுவாக உருவி எடுத்தார்.

"நாளைக்கு வேலைக்குப் போகாதே" என்றார் அவனிடம்.

"முழுநேரக்காரருக்குத்தான் குணா திங்கட்கிழமை லீவு" என்றான். பிறகு வலது கையால் நாணயத்தைத் தேடிக்கொண்டு தாய்க்குப் போன் பண்ண ஓடினான்.

திங்கள் மத்தியானம் டெலிபோன் அடித்தது. அக்கா ஊன்றுகோலில் தத்தித் தத்திப் போய் எடுத்தாள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். "ஓ... ஓ..." என்று மட்டும் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் வந்து பார்த்தபோது ரிசீவர் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"வசந்தி, அந்தப் பெடியன் கூரையால விழுந்திட்டானாம். ரங்கி சொல்லுறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுதாம்."

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது தோள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மழையில் கூரை ஏறியிருப்பான். நல்ல கை வழுக்கினால் பிடிக்க மற்றக் கை இல்லை. இது நானாக நினைத்துக்கொண்டதுதான், யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறேன்.

பின்னேரம் அத்தான் வந்ததும் அக்கா சொன்னாள். அத்தான் தொப்பியைக் கழற்றினார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். நேரே கராஜுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

பையை அவிழ்த்து, சேறு பிடித்த சட்டைகளுக்குள் தேடிப் பத்தாம் இலக்கத்தை மட்டும் எடுத்தார். மற்றவை பைக்குள்ளேயே கிடந்தன. மெஷினில் போடவில்லை. செத்தவரின் உடுப்பை மற்றவர் உடுப்போடு சேர்க்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. அழுக்கோடு அதைத் தாய் தகப்பனிடம் கொடுக்கிற வழக்கமும் இல்லை. கராஜ் தொட்டியில் தண்ணீர் பிடித்தார். கழுத்துப் பட்டியில் கொஞ்சம் இரத்தம் இருந்தது. அதைப் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு முதலில் எடுத்தார். பிறகு கட்டிச் சவர்க்காரம் போட்டுத் தோளை, கையை, முதுகை என்று ஒவ்வொரு இடமாகக் கசக்கினார். சேறு கரைந்து ஓடியது. தண்ணீர் மாற்றினார். மறுபடி கசக்கினார். தண்ணீர் தெளிந்த பிறகும் விடவில்லை. முறுக்கிப் பிழிய மறுமுனையை நான் பிடித்தேன்.

ஹீட்டரைக் கராஜுக்குக் கொண்டுவந்து அதற்கு முன்னால் காயப்போட்டார். மின்கட்டணத்துக்குப் பயந்து வீட்டுக்குள்கூடப் போடாத ஹீட்டர் அது. காய்ந்ததும் தானே அழுத்தி மடித்து, புதுத் துவாய் ஒன்றில் சுற்றி, கராஜிலிருந்த சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இல்லாமல், ஆனால் அதே மேசையில் வைத்தார்.

"அத்தான்ர அம்மா செத்த நேரம் ஊரில சண்டையால இடம்பெயர்ந்து எங்கையோ கிடந்தவ" என்று அக்கா என்னிடம் மெல்லச் சொன்னாள். "காயிதம் வந்து சேரவே மாசக்கணக்காச்சு. ஒரு சீலைத்துண்டு கூட இவற்ற கையில வரேல்லை. கடைசியாத் தண்ணி வார்க்கவும் கிடைக்கேல்லை. எனக்கு இண்டைக்குத்தான் விளங்குது, மனுசன் அதை உள்ளுக்கு வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கு."

செவ்வாய்க்கிழமை அத்தான் வேலைக்குப் போகவில்லை. ரங்கி வந்தார். பஸ் சாரதி உடுப்பில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கராஜ் வாசலில் நின்றார். கண் வீக்கம் வற்றி மஞ்சளாகியிருந்தது.

"குணா, சியோனேயின் தாய் ஒன்று கேட்கிறா. அவனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அவனில் மருந்து வாசம்தான் வருகிறதாம், என் பிள்ளையின் வாசம் இல்லை என்கிறா. ஞாயிற்றுக்கிழமை போட்ட சட்டை எங்கே என்று கேட்டா. தோய்க்காமல் அப்படியே வேண்டுமாம். அவன் புதைக்கப்பட்ட பிறகு தன்னோடு வைத்திருக்க."

அத்தான் மேசையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரங்கியும் எங்கள் கண் போன பக்கம் திரும்பினார். துவாயின் மடிப்பைப் பிரித்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நேற்றே தோய்க்கவேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும்" என்றார். "ஆனால் அவ இன்று விடியத்தான் கேட்டா."

"நான் கேட்டிருக்கவேணும்" என்றார் அத்தான்.

அக்கா எப்போது வந்து எங்கள் பின்னால் நின்றாள் என்று தெரியாது. கெட்டிக்காரி அவள். தமிழில் சொன்னாள்: "இஞ்சருங்கோ, மற்றச் சட்டையள் இன்னும் தோய்க்காமல்தானே கிடக்கு. ஒண்டை எடுத்து இலக்கத்தை மாத்தித் தைப்பம், நான் தைச்சுத் தாறன். அந்த மனுசி ஒருநாளும் அதைப் பார்த்ததில்லையாம். அவவுக்கு ஒரு ஆறுதல் கிடைச்சால் ஆருக்கு நட்டம்?"

அத்தான் ரங்கிக்கு அதை மொழிபெயர்த்தார். ரங்கி மறுக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நானும் மறுக்கவில்லை. எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. அத்தான் பையண்டை குந்தி, ஒரு சட்டையை வெளியே எடுத்தார். காய்ந்த சேறும் வேர்வையும் மணத்தன. வேறு யாரோ ஒருவனின் வேர்வை. கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"தாய்க்குத் தெரியும்" என்றார்.

புதன்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அத்தானும் நானும் மாங்கேரேயில் உள்ள சியோனேயின் வீட்டுக்குப் போனோம். வாகனத் தரிப்பில் நீலத் தறப்பாளைக் கூரைபோலக் கட்டியிருந்தார்கள். எல்லோரும் கறுப்பில் இருந்தார்கள். இடுப்பில் பெரிய பன்பாய்களைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பழையதும் பிய்ந்ததுமான பாய்கள், துக்கத்துக்குப் பிய்ந்ததைத்தான் கட்டுவார்களாம். எங்கள் சாவீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம். இங்கே வாளி வாளியாகச் சமையல் நடந்தது. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்தபோது மட்டும் எங்கள் ஊர்போல இருந்தது. ஒரு மூலையில் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஒப்பாரி இல்லை, தேவாலயப் பாட்டு. தடித்த குரல்கள் கீழேயும் மெல்லிய குரல்கள் மேலேயும் போய்க்கொண்டிருந்தன.

அத்தான் துவாய்ப் பொதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார். என்ன சொல்வது என்று வானில் வரும்போதெல்லாம் ஆங்கிலத்தில் முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவர்.

அறைக்குள் பாயும் மரப்பட்டைத் துணியும் அடுக்கி அதன்மேல் அவனைக் கிடத்தியிருந்தார்கள். கோட்டும் டையும் போட்டிருந்தான். வடை தின்னும்போது மூடியிருந்ததுபோலக் கண் மூடியிருந்தது. தலைமாட்டில் தாய் நிலத்தில் இருந்தார். பெரிய உடம்பு, நரைத்த தலைமுடி விரிந்து கிடந்தது. பக்கத்தில் மகள். நாங்களும் நிலத்தில் இருந்தோம். முன்பே வந்திருந்த ரங்கி, நாங்கள் யார் என்று சொன்னார். மகள் தாய்க்கு அவர்கள் மொழியில் சொன்னாள்.

தாய் கையை நீட்டினார்.

அத்தான் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனார். "நான் தோய்த்துவிட்டேன், அம்மா" என்றார் ஆங்கிலத்தில். "செத்தவருக்கு எங்கள் ஆட்கள் செய்கிறது அது. நல்லதென்று நினைத்துச் செய்தேன். உங்களுக்கு வேண்டியதை நான் அழித்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

மகள் அதைச் சொல்லத் தயங்கினாள். பிறகு சொன்னாள். தாயின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, விளங்கியதோ என்றுகூடத் தெரியவில்லை. துவாயைப் பிரித்தார். சட்டையை விரித்துப் பத்து என்ற இலக்கத்தை உள்ளங்கையால் தடவினார். அதை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தார். கழுத்துப் பட்டியில் இழுத்தார். அக்குளில் இழுத்தார். உள்பக்கத்தைத் திருப்பி மறுபடி இழுத்தார். சவர்க்காரம்தான். எனக்கே அவ்வளவு தூரத்தில் சவர்க்காரம் மணத்தது. சட்டையை மடியில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டார். அப்படி ஒரு வெறுமை ஒரு மனிசியின் முகத்தில் வந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. அந்த அறையைவிட்டு ஓடிவிடலாம்போல இருந்தது.

பிறகு தாய் தலையை நிமிர்த்தி ஏதோ கேட்டார்.

"மெஷினிலா தோய்த்தீர்கள், கையாலா என்று அம்மா கேட்கிறா" என்றாள் மகள்.

"கையால்" என்றார் அத்தான்.

"வேறு உடுப்புகளோடா?"

"இல்லை. இதை மட்டும். தனியாக."

தாய் முழந்தாளால் நகர்ந்து அத்தானுக்கு முன்னால் வந்தார். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து உள்ளங்கைகளை விரித்தார். சவர்க்காரத் தூள் தின்று வெடித்துப்போன கைகள். வெளியில் போனால் அத்தான் அவற்றை எப்போதும் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். தாய் அந்தக் கைகளில் தன் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தார். அப்போதுதான் குரல் வந்தது. பெரிய குரல். வெளியே பாட்டு ஒருகணம் நின்று, பிறகு இன்னும் உரக்கத் தொடங்கியது. முகத்தை எடுக்காமலே ஏதோ சொன்னார். மகள் அழுது முடித்துத்தான் சொன்னாள்.

"என் பிள்ளையின் கடைசி வேர்வை இந்தக் கைக்குள்ளேதான் போயிருக்கிறது என்கிறா."

அத்தான் கையை இழுக்கவில்லை. கழுத்து நிமிர்ந்தபடி, கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஓட, தாய் விடும்வரை அப்படியே இருந்தார்.

சாப்பிடாமல் எங்களை விடவில்லை; அத்தான் மட்டும் கை கழுவாமல் கரண்டியால் சாப்பிட்டார். பெட்டி நிறையக் கிழங்கும் இறைச்சியும் கட்டித் தந்தார்கள். வானில் வரும்போது அத்தான் ஸ்டியரிங்கை விரல் நுனிகளால் பிடித்துக்கொண்டு மிக மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

சாவீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கமுடியாது. குளியலறை வீட்டுக்குள் இருப்பதால் அக்கா கராஜில் ஏற்பாடு செய்திருந்தாள். வாளியில் சுடுதண்ணீர், சவர்க்காரம், மாற்றுடுப்பு. முறிந்த காலோடு எப்படிச் செய்தாளோ தெரியாது. நான் முதலில் போய், பல் கிட்டி அடிக்க, தலையில் வார்த்துக்கொண்டு ஓடிவந்தேன். அத்தானுக்கு மறுவாளி நிரப்பி வைத்தேன்.

அத்தான் பின்படியில் இருந்தார். கைகளை மடியில் மலர்த்தி வைத்திருந்தார். தூறிக்கொண்டிருந்தது. கையில் மழை படாமல் முன்னுக்குக் குனிந்து இருந்தார்.

"இஞ்சருங்கோ, தண்ணி ஆறப்போகுது" என்றாள் அக்கா கதவடியில் நின்று.

"கொஞ்சம் பொறு, சறோ."

அக்கா விரதமும் ஆசாரமும் ஒன்றும் தப்பவிடாதவள். காலை முறித்துக்கொண்ட அன்றும் ஆஸ்பத்திரியால் வந்து குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றினவள். என்ன நடந்தது என்று என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டாள். நான் அவளுடைய காதுக்குள் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றாள். வாளியிலிருந்து ஆவி போவது நின்றுவிட்டது.

"வசந்தி" என்றாள் பிறகு. "அந்தத் தண்ணியை எடுத்துப் புல்லில ஊத்து."

ஊற்றினேன். அக்கா ஊன்றுகோலை ஒதுக்கிக் கதவை அகலத் திறந்து பிடித்தாள். அத்தான் ஒன்றையும் தொடாமல், கைகளை முன்னால் நீட்டியபடி, குளிக்காமல் உள்ளே வந்தார்.